ஏரோபேட்டிக் மாடல் நேராகப் பறக்க: டிரிம் பட்டனைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தேவகோட்டையிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது பால்சா மரத்தால் ஆன, ரேடியோவால் இயக்கும் ஏரோபேட்டிக் (வான்சாகச) மாடல் விமானம்; இறக்கை நுனிக்கு நுனி 1.6 மீட்டர். 6 செல் லிப்போ பேட்டரியோடு சேர்த்து எடை ஏறத்தாழ 3 கிலோ. எய்லரானுக்கு (மாடலை உருட்டும் இறக்கை மடல்) கொஞ்சம் வலப்பக்க டிரிம் (ஸ்டிக்கைத் தொடாமலே மடலைச் சற்று நகர்த்தி வைக்கும் ரேடியோத் திருத்தம்) கொடுத்தால், மட்டமாகப் பறக்கும்போது ஸ்டிக்கை விட்டாலும் நேராகப் போகிறது. ஆனால் தலைகீழாகப் புரட்டியதும் இடது இறக்கை தாழ்கிறது. நேர்குத்தாக மேலே ஏற்றினால் மூக்கு இடது பக்கம் ஒதுங்குகிறது. த்ராட்டிலை (மோட்டாரின் வேகக் கட்டுப்பாடு) மூடி நேர்குத்தாகக் கீழே இறக்கினால் கேனபி (முதுகில் இருக்கும் விமானி அறையின் மூடி) பக்கமாக வளைந்து தானே நிமிர்ந்துகொள்கிறது. "ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது அண்ணே, எந்த டிரிம்மை எவ்வளவு வைப்பது?" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, நீங்கள் குறைகளை நன்றாகப் பிரித்துக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. மீதிப் பாதி மாடலின் மேல் செய்ய வேண்டியது. ரேடியோவின் டிரிம் பட்டனுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது விளங்கிவிட்டால் பின்னால் வரும் ஒவ்வொரு படியும் தானே விளங்கும்.

மாடலின் மேல் மூன்று வகையான விசைகள் வேலை செய்கின்றன. எய்லரான், எலவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்), ரட்டர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் மடல்) ஆகியவற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். எடையால் வரும் விசை வேகம் எதுவானாலும் மாறாது, எப்போதும் பூமியை நோக்கியே இழுக்கும். மோட்டாரின் இழுவையோ த்ராட்டிலைப் பொறுத்தது. இப்போது ஓர் இறக்கை 10 கிராம் கனமாக இருந்து, அந்தக் கனத்தை எய்லரான் டிரிம்மால் தூக்கிப் பிடித்தால், அந்தச் சமநிலை ஒரே ஒரு வேகத்தில், ஒரே ஒரு நிலையில் மட்டுமே நிற்கும். புரட்டினாலும், ஏற்றினாலும், வேகத்தைக் குறைத்தாலும் அது குலைந்துவிடும். எடையால் வந்த குறையை எடையாலும், மோட்டாரால் வந்த குறையை மோட்டாரின் கோணத்தாலும், கட்டுமானத்தால் வந்த குறையைக் கட்டுமானத்திலுமே தீர்க்க வேண்டும் என்பது இதனால்தான். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுவதற்கும் இதுவே காரணம்.

இனி நான் இடது, வலது என்று எழுதுவதெல்லாம் மாடலுக்குள் விமானி உட்கார்ந்திருந்தால் அவருக்கு எது இடது, எது வலது என்பதே. தலைகீழாகப் பறக்கும்போதும் அப்படியே. தரையில் நிற்கிறவரின் இடது வலதைக் கலந்துவிட்டால் தவறான பக்கத்தில் எடை வைக்க நேரும்.

முதல் வேலை வீட்டிலேயே. நம் பக்கத்துப் பழைய வீடுகளின் வளவுத் தாழ்வாரத்தைப் போல இதற்கு வசதியான இடம் அமைவது கடினம். நீளம் இருக்கிறது, காற்று இல்லை, கயிறு கட்ட உத்திரம் இருக்கிறது. கொத்தனாரிடமிருந்து ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல்லின் இணைப்புக் கோட்டையே நேர்கோடாக எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கையால் வார்த்துக் கையால் பதித்த தரை அது, ஆகவே தரையின் மேல் தனியாக ஒரு நூலை இழுத்துக் கட்டுவதே நம்பகமானது. மாடலைத் தாங்கிகளின் மேல் வைத்து, ஸ்பின்னரின் (புரொப்பெல்லரின் நடுவில் இருக்கும் கூம்பு) நுனியிலிருந்தும் வாலின் கடைக்கோடியிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கி, இரண்டும் அந்த நூலின் மேல் விழும்படி மாடலை நகர்த்துங்கள். பிறகு வாலின் நடுவிலிருந்து இரண்டு இறக்கை நுனிகளுக்கும் டேப்பால் அளந்து பாருங்கள். உங்கள் அளவு மாடலில் இரண்டுக்கும் 2 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. அதிகம் இருந்தால் இறக்கை உடற்பகுதியில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது; போல்ட் துளையைச் சரிசெய்யாமல் வானில் எதைத் தேடியும் பயனில்லை. அதே நிலையில், செங்குத்து வால் நேராக நிற்கிறதா என்று பின்னால் உட்கார்ந்து, உத்திரத்திலிருந்து தொங்கும் தூக்குக்குண்டின் நூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நூலுக்கும் வாலுக்கும் நடுவே மேலே குறுகிக் கீழே அகலும் ஒரு வெளிச்சக் கீற்று தெரிந்தால், அந்த வால் ஒட்டும்போதே சாய்ந்துவிட்டது என்று பொருள்.

அடுத்தது இரண்டு இறக்கைகளின் கோணம். கோணமானியால் இரண்டையும் வேரிலும் (உடற்பகுதியோடு சேரும் இடம்) நுனியிலும் அளந்து, கால் பாகைக்குள் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். 300 மில்லிமீட்டர் அகலமுள்ள வேர்ப் பகுதியில் கால் பாகை என்பது பின்விளிம்பில் 1.3 மில்லிமீட்டர்தான், கண்ணால் பிடிக்க முடியாத அந்த அளவு, மாடல் முழு வேகத்தில் போகும்போது தெளிவாக உருளச் செய்யும். நம் ஊர் வெயிலையும் இந்த இடத்தில் கணக்கில் கொள்ள வேண்டும். சித்திரை மாதத்தில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் மாடலை விட்டுவைத்தால் மேலே ஒட்டிய ஃபிலிம் தளர்ந்து சுருங்கி, பால்சா எய்லரானையும் எலவேட்டரையும் சத்தமில்லாமல் முறுக்கிவிடும். அடர்நிற ஃபிலிம் ஒட்டிய மாடல்களில் இது இன்னும் அதிகம். போன மாதம் நேராகப் பறந்த மாடல் இந்த மாதம் உருள்கிறது என்றால், ரேடியோவைச் சந்தேகிக்கும் முன் இறக்கையின் பின்விளிம்பைக் கண்மட்டத்துக்குத் தூக்கி ஓரக்கண்ணால் பாருங்கள்.

மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சப்-டிரிம்மை (சர்வோவின் நடுநிலையை ரேடியோவிலேயே நகர்த்தும் அமைப்பு) கூடிய வரை பூஜ்யத்தில் வைத்து, நடுநிலையைக் கம்பியின் நீளத்தால் கொண்டுவாருங்கள். கீல் இடைவெளிகளை ஒளிபுகும் டேப்பால் அடியில் மூடுங்கள். ஒரு பக்கம் காற்று கசிந்து மறு பக்கம் கசியாவிட்டால் அதுவே ஒரு டிரிம். மிக முக்கியமானது, எலவேட்டரின் இரண்டு பாதிகளும் மேலே எவ்வளவு போகின்றனவோ அவ்வளவு ஒத்திருக்க வேண்டும், கீழேயும் அப்படியே. நடுவில் ஒத்திருந்து கோடியில் மாறுபடுவது இரண்டு சர்வோ வைத்த மாடல்களில் சாதாரணம். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், கூர்மையாக லூப் (செங்குத்து வட்டம்) போடும்போது ஓர் இறக்கை சாய்ந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: ஓர் இறக்கை கனமாக இருக்கலாம், அல்லது எலவேட்டரின் ஒரு பாதி அதிகமாக நகரலாம். கேனபி வட்டத்தின் உள்ளே பார்க்கும் உள்லூப்பிலும், வெளியே பார்க்கும் வெளிலூப்பிலும் இரண்டு குறைகளும் ஒரே மாதிரியே தெரியும். வானில் பார்த்துப் பிரிக்க முடியாது. மேசையிலேயே எலவேட்டரை அளந்து ஒதுக்கிவிட்டால், மிஞ்சுவது எடை மட்டும்தான்.

பறக்கவிடும் இடமும் நேரமும் பாதி முடிவைத் தீர்மானிக்கும். கோடையில் வற்றிய கண்மாயின் பொட்டல் நமக்குப் போதுமானது. ஆனால் வெயில் ஏறியதும் அந்தச் செம்மண் சூடேறிக் காற்றை மேலே தள்ளத் தொடங்கும், அப்போது மாடல் ஏறுவது டிரிம்மாலா வெப்பக் காற்றாலா என்று யாராலும் சொல்ல முடியாது. விடிந்த பின் முதல் ஒரு மணி நேரமே டிரிம் பார்ப்பதற்கு உரியது. ஆடி மாதத்து மேல்காற்றில் இந்த வேலையையே வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் பச்சை மண்டலத்தில் (அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சையாகக் குறித்த பகுதி) தரையிலிருந்து 400 அடி உயரம் வரை அனுமதிக்கின்றன. உங்கள் மாடலுக்கு எல்லாச் சோதனைகளுக்கும் அந்த உயரம் போதும். லேசான காற்று இருந்தே தீரும் நாளில் ஒவ்வொரு சோதனையையும் எதிரெதிரான இரண்டு திசைகளில் செய்யுங்கள். விலகல் எப்போதும் மாடலின் இடது பக்கமாகவே இருந்தால் குறை மாடலுடையது. எப்போதும் ஒரே ஊர்ப் பக்கமாகவே இருந்தால் அது காற்றுடையது.

இப்போது உங்கள் மாடலுக்கு வருகிறேன். நடுத்தர வேகத்தில் மட்டமாகப் பறக்கும்படி டிரிம் செய்துவிட்டீர்கள். அந்த டிரிம் தற்காலிகமானது, ஆனால் மற்றச் சோதனைகளுக்கு அதுவே தொடக்கப் புள்ளி. தலைகீழாக்கியதும் இடது இறக்கை தாழ்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று குறைகளில் எனக்கு மிகவும் உதவிய செய்தி இதுதான். இறக்கை முறுக்கினாலோ, மோட்டாரின் எதிர்ச்சுழற்சியாலோ மாடல் இடது பக்கம் உருண்டிருந்தால், அதைத் தடுக்க நீங்கள் கொடுத்த வலப்பக்க எய்லரான் தலைகீழிலும் அதே அளவு தடுத்திருக்கும், ஏனென்றால் அந்த இரண்டு குறைகளும் மாடலோடு சேர்ந்தே புரள்கின்றன. எடை மட்டும் புரளாது. இடது இறக்கை கனமாக இருந்தால், நிமிர்ந்து பறக்கும்போது வலப்பக்க எய்லரான் அதைத் தூக்கிப் பிடிக்கும். தலைகீழானதும் அதே எய்லரான் அதே இறக்கையைப் பூமியை நோக்கி அழுத்தும், எடையும் அதே பக்கம் இழுக்கும், இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிடும். ஆகவே உங்கள் மாடலின் இடது இறக்கை கனமானது என்று துணிந்து சொல்லலாம்.

இதை உறுதிசெய்ய, ஒருவர் புரொப்பெல்லர் அச்சையும் மற்றவர் வாலின் நடுவையும் ஒற்றை விரலில் தாங்கிப் பாருங்கள். இடது இறக்கை மெதுவாக இறங்கும். வலது இறக்கை நுனியில் 5 கிராம் ஈயத் துண்டைத் தற்காலிகமாக டேப் போட்டு ஒட்டி, எய்லரான் டிரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி பறக்கவிட்டு, தேவைப்பட்டால் 10 கிராம் வரை ஏற்றுங்கள். நுனியில் வைக்கும் 10 கிராம் உங்கள் 3 கிலோ மாடலின் எடை மையத்தைப் பக்கவாட்டில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நகர்த்தும். அதைவிட அதிகம் தேவைப்பட்டால் பேட்டரியோ மோட்டாரின் கன்ட்ரோலரோ நடுக்கோட்டில் இல்லாமல் ஒதுங்கியிருக்கிறதா என்று உள்ளே பாருங்கள். நிமிர்ந்தும் தலைகீழாகவும் ஒரே டிரிம்மில் இறக்கைகள் மட்டமாக நின்ற பிறகே மேற்கொண்டு செல்ல வேண்டும். காரணம், இறக்கை சாய்ந்த நிலையில் மேலே இழுத்தால் ஏறுகோடும் சாய்ந்தே போகும், அதைப் பார்த்து மோட்டார் கோணம் தவறு என்று தீர்மானித்துவிடுவோம்.

அடுத்தது முன்பின் எடை மையம், நம்மவர்கள் சி.ஜி. என்று சொல்வது. இந்த வகை மாடல்களில், இறக்கையின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையிலான சராசரி அகலத்தில், முன்விளிம்பிலிருந்து 30 முதல் 35 விழுக்காட்டுக்குள் அது அமையும். 30 விழுக்காட்டில் தொடங்குவது பாதுகாப்பானது. நடு த்ராட்டிலில் 45 பாகைக் கோட்டில் ஏற்றி, அரை உருள் உருட்டித் தலைகீழாக்கி, எலவேட்டரை விட்டுவிடுங்கள். கோட்டைச் சிறிது நேரம் பிடித்துவிட்டு மெதுவாக மூக்கைத் தாழ்த்தினால் சரி. உடனே பூமியை நோக்கி வளைந்தால் மூக்கு கனம். தானாக மேலே ஏறினால் வால் கனம். அந்த நிலையில் சோதனையைத் தொடராமல் இறக்கிவிடுங்கள், ஏனென்றால் வால் கனத்த மாடல் மெதுவான வேகத்தில் திடீரென்று ஸ்னாப் அடித்துவிடும், அதாவது ஒரு பக்கமாகச் சட்டென்று சுழன்றுவிடும். திருத்துவது எளிது: உங்கள் பேட்டரி 600 கிராம் இருக்கலாம், அதை 1 சென்டிமீட்டர் பின்னே தள்ளினால் மையம் 2 மில்லிமீட்டர் பின்னே போகும். ஒரு நேரத்தில் அதற்கு மேல் தள்ளாதீர்கள். ஒவ்வொரு முறையும் எலவேட்டர் டிரிம்மைப் புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழ்நோக்கிய கோட்டில் கேனபி பக்கமாக வளைவதை நீங்கள் தனிக் குறையாக எழுதியிருந்தாலும், அதன் பெரும்பகுதி இந்தச் சி.ஜி.யிலேயே அடங்கியிருக்கிறது. மட்டமாகப் பறக்கும் மாடலின் இறக்கை அதன் முழு எடையைத் தூக்குகிறது. நேர்குத்தாக இறங்கும்போது இறக்கை எதையும் தூக்கத் தேவையில்லை, ஆனால் எலவேட்டர் இன்னும் எடையைத் தூக்கும் கோணத்துக்கே டிரிம் ஆகியிருக்கிறது, வேகமும் ஏறுகிறது. ஆகவே நிலையாகப் பறக்கும் எந்த மாடலும் இறங்கும்போது கேனபி பக்கம் வளையவே பார்க்கும். மூக்கு எவ்வளவு கனமோ அவ்வளவு வேகமாக வளையும், ஏனென்றால் அந்தக் கனத்தை ஏந்திப் பிடிக்க எலவேட்டரை அவ்வளவு மேலே வைத்திருக்கிறீர்கள். சி.ஜி.யைப் பின்னே கொண்டுவரும்போது இந்த வளைவு குறைந்துகொண்டே வருவதைக் காண்பீர்கள். இன்னொரு காரணமும் உண்டு. மோட்டார் அளவுக்கு மேல் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், மட்டப் பறப்பில் அதை எலவேட்டரால் ஈடுகட்டியிருப்பீர்கள். த்ராட்டிலை மூடியதும் மோட்டாரின் இழுவை போய்விடுகிறது, எலவேட்டர் மட்டும் மேலேயே நிற்கிறது. இந்தக் காரணம்தானா என்பதை மேலேறும் கோட்டில் கண்டுபிடிக்கலாம்: முழு த்ராட்டிலில் நேர்குத்தாக ஏறும்போது மாடல் வயிற்றுப் பக்கமாக வளைந்தால் கீழ்ச்சாய்வு அதிகம், கேனபி பக்கமாக வளைந்தால் குறைவு. இந்தச் சோதனையை மாடல் உங்களுக்குக் குறுக்காகப் போகும்போது, பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும்.

இடது பக்கம் ஒதுங்கும் ஏறுகோட்டை மட்டும், மாடலை உங்களிடமிருந்து நேரே விலகிப் போகவிட்டு, அதன் முதுகோ வயிறோ தெரியும்படி ஏற்றிப் பாருங்கள். பின்னாலிருந்து பார்க்க நம் புரொப்பெல்லர் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. அது வீசும் காற்று உடற்பகுதியைச் சுற்றிச் சுருளாகப் பின்னே வந்து, உயர்ந்து நிற்கும் செங்குத்து வாலின் இடது முகத்தில் மோதி வாலை வலது பக்கம் தள்ளுகிறது. மூக்கு இடது பக்கம் திரும்புகிறது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று வாலைப் பிடித்து நேராக்கிவிடுவதால் இது தெரியாது. ஏறும்போது வேகம் குறையக் குறையச் சுருள் காற்றே மேலோங்குகிறது. கோட்டின் அடியில் நேராக இருந்து உச்சியை நெருங்கும்போது இடது பக்கம் சாய்வது இதன் அடையாளம். தீர்வு மோட்டாரை வலது பக்கம் திருப்புவது; பெரும்பாலான மாடல்களில் 2 முதல் 3 பாகையில் அது அடங்கிவிடும். மோட்டார் மவுண்டின் இடப்பக்க போல்ட்டுகளுக்கு அடியில் வாஷர் வையுங்கள். போல்ட்டுகளுக்கு நடுவே 50 மில்லிமீட்டர் இருந்தால் அரை மில்லிமீட்டர் வாஷர் அரைப் பாகைக்குச் சற்று அதிகமாகத் திருப்பும். ரட்டர் டிரிம்மால் இதைச் சமாளிக்க நினைக்காதீர்கள். ஏறும்போது நேராகும், இறங்கும்போது வலது பக்கம் ஓடும்.

இவற்றில் ஒன்றை மாற்றினால் மற்றவை சிறிது நகரும் என்பதால் முதலிலிருந்து இன்னொரு சுற்று வர வேண்டியிருக்கும். இரண்டாம் சுற்றில் மாற்றங்கள் மிகச் சிறியவையாக இருக்கும். மட்டப் பறப்பில் எலவேட்டர் வால் இறக்கையோடு ஒரே கோட்டில் நிற்காமல் மேலேயோ கீழேயோ விலகி நின்றால், வால் இறக்கையின் கோணத்தை மாற்றி அதை ஒரே கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். 180 மில்லிமீட்டர் வால் இறக்கையில் கால் பாகைக்கு முன்விளிம்பில் 0.8 மில்லிமீட்டர் போதும்.

மிக்ஸ்களை (ஒரு கட்டுப்பாட்டை அசைத்தால் இன்னொன்றும் தானே அசையும்படி ரேடியோவில் வைக்கும் அமைப்பு) இதற்குப் பிறகே தொட வேண்டும். இறங்குகோட்டில் மிஞ்சும் சிறு வளைவுக்கு, த்ராட்டில் முழுவதும் மூடியிருக்கும்போது மட்டும் எலவேட்டர் ஒரு விழுக்காடு கீழே இறங்கும்படி மிக்ஸ் போடலாம்; இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எஃப்3ஏ என்னும் சர்வதேச ரேடியோ மாடல் வான்சாகசப் போட்டிகளில் பறக்கும் 2 மீட்டர் மாடல்களிலும் இது உண்டு. நைஃப்-எட்ஜில் (ஓர் இறக்கை மேலும் மற்றது கீழுமாக, பக்கவாட்டில் நிமிர்ந்து பறப்பது) ரட்டர் கொடுக்கும்போது மாடல் வயிற்றுப் பக்கமோ கேனபி பக்கமோ இழுத்தால் ரட்டரிலிருந்து எலவேட்டருக்கும், உருண்டால் எய்லரானுக்கும் மிக்ஸ் கொடுங்கள். இடது ரட்டருக்கும் வலது ரட்டருக்கும் தனித்தனி அளவு தேவைப்படும். சி.ஜி.யை நகர்த்தினால் இந்த அளவுகளும் மாறும் என்பதால்தான் இவற்றைக் கடைசியில் வைத்தேன்.

ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் என்ன மாற்றினீர்கள், எந்தத் த்ராட்டிலில் எந்தப் பக்கம் எவ்வளவு விலகியது என்று நோட்டில் எழுதிவையுங்கள். கண்மாய்க் கரையில் நண்பர் ஒருவர் பக்கத்தில் நின்று எழுதினால் இன்னும் நல்லது, ஏனென்றால் கண்ணை மாடலிலிருந்து எடுக்கக் கூடாது. புரொப்பெல்லரின் அளவை 15 அங்குலத்திலிருந்து 16 அங்குலத்துக்கு மாற்றினாலும், பேட்டரி வேறு எடையில் வாங்கினாலும், கடினமாகத் தரையிறங்கி மோட்டார் மவுண்ட் அசைந்தாலும், ஏறுகோட்டுச் சோதனையையும் 45 பாகைச் சோதனையையும் மறுபடி செய்துவிட்டே பயிற்சியைத் தொடருங்கள்.